நான் இறக்கிவிட்ட காற்று

1

"காத்தடிக்கத் தெரியாதவரு எதுக்கு டயர் கடை வெச்சிருக்கீங்க? பலூன் விக்கலாம்ல."

"நான் சரியாத்தான் அடிச்சேன், தங்கச்சி."

"சரியா அடிச்ச டயரு ரிம்ம விட்டுக் கழண்டுக்குமா? இந்தக் கைய மேல தூக்கச் சொல்லுங்க பாப்போம். தோளுக்கு மேல போகாது. தலை சீவ எம்பொண்ண கூப்பிடறேன்."

"ரெண்டு புள்ளி ஆறு பார் வெச்சேன். மீட்டரப் பாத்துத்தான் வெச்சேன்." மீட்டரை மேஜையில் வைக்கும் சத்தம். "வெச்சேன்னுதான் நெனக்கிறேன்."

கிர்கிஸ்தானின் நரின் ஊரில், எல்லோரும் 'பாய்கே', அதாவது அண்ணன், என்று கூப்பிடும் இஸ்மானலி பாய்கேயின் டயர் கடைக்குள் நடந்த சண்டை இது. கத்தியது என் மனைவியின் தங்கை புருல். வெளியே, என் ஜீப்புக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தது நான். அவர் தன் கையையே சந்தேகப்பட்டதைக் கேட்டபோதுதான் இதை எழுத வேண்டும் என்று தோன்றியது. உள்ளே போக வேண்டும் என்று தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "சாகின் என்பவனிடம் ஒரு பழைய ஜீப் இருந்தது. ஒரு நாள் அவன்"

கோடு போட்டு அடித்துவிட்டேன். சாகின் என்று ஒருவனும் இல்லை. ஜீப் என்னுடையது, தொண்ணூற்றாறாம் வருடத்து ஜப்பான் வண்டி, வலப்பக்கம் ஸ்டீயரிங்.

அடுத்தது: "பழைய வண்டிக்கு எவ்வளவு காற்று வைப்பது என்பது எளிதில் விடை சொல்ல முடியாத"

இதுவும் பொய். இஸ்மானலி பாய்கே ஒரு நிமிடத்தில் விடை சொன்னார். நான்தான் கேட்கவில்லை.

3

நவம்பர் மாதம். குளிர்கால டயர் மாட்டப் போனேன். உள்ளே நிலக்கரி அடுப்பு எரிந்தது, சட்டையோடு நிற்கலாம். வெளியே மைனஸ் இருபது. நான்கு டயரையும் அடுப்புக்குப் பக்கத்திலேயே மாட்டி, காற்றும் அடித்தார்.

"பாய்கே, ரெண்டு ஆறு ரொம்ப அதிகம். கதவுல ஸ்டிக்கர் இருக்கு பாருங்க, ரெண்டுதான் போட்டிருக்கான்."

"அது ஜப்பான்ல ஒட்டினது தம்பி. அவன் உன் டயரையும் பாக்கல, நம்மூர்ப் பனியையும் பாக்கல. வெளிய குளிருக்குப் போனா தானா எறங்கிடும்."

"எழுதி வெச்சவன் முட்டாளா?"

"அவன் இல்ல" என்றார். சுற்றி நின்ற டிரைவர்கள் சிரித்தார்கள்.

(இந்த இடத்தில் "எல்லோரும் என்னை அவமானப்படுத்தினார்கள்" என்று எழுதியிருந்தேன். அவ்வளவு இல்லை. இரண்டு பேர் சிரித்தார்கள். ஒருவர் எனக்கு டீ ஊற்றிக் கொடுத்துக்கொண்டேதான் சிரித்தார்.)

தெரு முனை திரும்பியதும் வண்டியை நிறுத்தினேன். டயர் இன்னும் சூடாகவே இருந்தது. குனிந்து, நான்கிலும் காற்றைப் பிடுங்கி, சரியாக இரண்டுக்குக் கொண்டுவந்தேன். ஸ்டிக்கர் சொன்னபடி. அன்றைக்கு அது எனக்கு ஒரு வெற்றி.

இரவெல்லாம் வண்டி முற்றத்தில் நின்றது. இரண்டு என்பது காலையில் ஒன்றரையை ஒட்டி வந்திருக்கும். நான் மறுபடி அளக்கவில்லை. கோச்கோரில் ஒரு விருந்து. வண்டியில் ஆறு பேர், பின்னால் ஒரு முழு ஆடு, உரித்தது. தோலோன் கணவாய் இறக்கத்தில் ஒரு வளைவு. முன் டயர் ரிம்மை விட்டுக் கழன்றது, வண்டி பள்ளத்தில் சாய்ந்தது. புருலின் தோள்பட்டை எலும்பு உடைந்தது. மற்றவர்களுக்குச் சிராய்ப்பு.

ஆஸ்பத்திரியில் என் மனைவி அனார்கான் கேட்டாள்: "டயர நேத்துதான மாட்டின?"

"ஆமா. அவரு என்ன அடிச்சாரோ" என்றேன்.

நான்கே சொல். அதற்குப் பிறகு நான் எதுவும் சேர்க்கத் தேவைப்படவில்லை. ஊர் பார்த்துக்கொண்டது.

4

5

(நான்கில் என் பக்க நியாயத்தை எழுதியிருந்தேன். படித்துப் பார்த்து எடுத்துவிட்டேன். எண்ணை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன்.)

இப்போது அவர் கடையில் யார் வந்தாலும் மீட்டரை அவர்கள் கையிலேயே கொடுக்கிறார். "நீங்களே பாருங்க, என் கண்ணு சரியில்ல போல." முப்பது வருடமாகக் காற்றடிப்பவர். நேற்று அனார்கான் சொன்னாள்: "அவரு கடையக் குடுத்துட்டு மகன்கிட்ட போறாராம். வியாழக்கெழம. இனிமே யாரு உசுரையும் கையில எடுக்க மாட்டேன்னு சொன்னாராம்."

நான் சூப்பைக் குடித்துக்கொண்டிருந்தேன். குடித்து முடித்தேன்.

6

முடிவுகள் சில எழுதிப் பார்த்தேன். மெடெர் நான்தான்.

அ) மெடெர் கடைக்குப் போகிறான், சொல்கிறான், பாய்கே அவனைக் கட்டிக்கொள்கிறார். (அவர் ஏன் கட்டிக்கொள்ள வேண்டும்?)

ஆ) மெடெர் புருலிடம் முதலில் சொல்கிறான். அவள் நல்ல கையால் அவனை

இ) வியாழக்கிழமை போய்விடுகிறது.

மூன்றாவதை எழுதத்தான் கை தயங்கவே இல்லை.

இன்று செவ்வாய். இந்த வாட்ஸ்அப் குழுவில் நானூறு டிரைவர்கள் இருக்கிறீர்கள். பலர் அவரிடம் போவதை நிறுத்தியவர்கள், என்னால். எவ்வளவு காற்று வைக்கலாம் என்று எழுதாதீர்கள், அது இப்போது எனக்குத் தெரியும். நாளை காலை அவர் கதவைத் திறந்ததும் நான் சொல்ல வேண்டிய முதல் வாக்கியம் என்ன? மன்னிப்பு கேட்கும் வாக்கியம் வேண்டாம். "நீங்க வெச்சது சரிதான்" என்று அவர் நம்பும்படியான வாக்கியம். கீழே எழுதுங்கள். இதையும் நீங்கள் எழுதுவதையும் அவரும் படிப்பார், அவரும் இந்தக் குழுவில்தான் இருக்கிறார்.