வலம் வந்த இதயம்

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று இருபதுக்குக் கம்ப்யூட்டர் அச்சடித்த காகிதக் கட்டு வந்தது. 1984-இல் பம்பாய் செம்பூரின் அந்த ஆராய்ச்சிக் கூடத்துக்கு வாரம் ஒரு முறைதான் கம்ப்யூட்டர் கிடைக்கும். பிரம்மநாயகம் கடைசி வரியை மட்டும் பார்த்தார். தேறாத துண்டுகள்: 96.

இதயத்தின் சுவர் எப்படிச் சுருங்கி விரிகிறது என்று கணக்கிடுவது வேலை. அதற்குமுன் சுவரைக் கிராஃப் தாளில் வரைந்து, வலைபோல நாற்கோணத் துண்டுகளாகப் பிரிக்க வேண்டும். எந்தத் துண்டும் ஒல்லியாக நீளக்கூடாது, மூலை கூராகக்கூடாது. வலையின் தரத்துக்குப் பிரம்மநாயகம் பொறுப்பு. பன்னிரண்டு வருஷ அனுபவம். அதை அவரே அடிக்கடி சொல்வார், வேறு யாரும் சொல்லாததால்.

மொத்தம் 192 துண்டுகள். பாதியை அவர் செய்தார். மீதியைத் தாராவியிலிருந்து வரும் தற்காலிக ஊழியன் சிராஜ், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், செய்தான். ஆக, ஒருவருடைய பாதி முழுக்கத் தப்பு. யாருடையது என்று அறியப் பக்கத்தைப் புரட்டினால் போதும். புரட்டவேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

மேஜையில் சிராஜின் படிவம் கிடந்தது. மாதக் கடைசியோடு அவன் வேலை முடிகிறது. அவர் நல்லபடியாக எழுதினால் இன்னும் ஒரு வருஷம். 'கவனம் போதாது. நீட்டிக்கத் தேவையில்லை' என்று எழுதினார். கையெழுத்து அன்று அழகாக விழுந்தது. பியூன் கொண்டுபோய் டைரக்டர் மேஜையில் வைத்தான். டைரக்டர் மூன்று மணிக்கு வருவார்.

இரண்டு மணிக்கு, தயிர்சாதம் உள்ளே போனபின், பக்கத்தைப் புரட்டினார். துண்டு 1, துண்டு 2, துண்டு 3. எல்லாம் அவருடையவை. ஒவ்வொன்றுக்கும் பரப்பளவு மைனஸில் இருந்தது. பன்னிரண்டு வருஷ அனுபவத்தில், ஒன்றுமே இல்லாததைவிடக் கொஞ்சம் குறைவான ஓர் இதயம்.

துண்டின் நான்கு மூலைகளுக்கும் கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கமாக எண் போட வேண்டும். மாற்றிப் போட்டால் பரப்பளவு மைனஸாகிவிடும். இத்தனை வருஷம் அந்தச் சில்லறை வேலையை மற்றவர்கள் பார்த்தார்கள். இந்த முறை அவரே போட்டார். விரல் வைத்துப் பார்த்தார். வலப்பக்கமாகவே போயிருந்தது, காலையில் பிள்ளையாரை மூன்று சுற்று வந்ததுபோல.

உடனே போய்ப் படிவத்தைக் கேட்டு வாங்கியிருக்கலாம். ஏன் என்று கேட்டால் சொல்ல வேண்டும். ஆகவே ஒரு தத்துவம் கண்டுபிடித்தார். சிராஜைக் கூப்பிட்டார்.

"ஏ சிராஜ், காபாவை இடஞ்சுத்தாத்தானே சுத்துவாங்க? அதான் உனக்குச் சரியா வந்திருக்கு. எனக்குக் கோயில் பழக்கம், பாத்துக்கோ."

"நான் எங்க சார் ஹஜ்ஜுக்குப் போனேன்? தாராவிய விட்டா செம்பூரு, செம்பூர விட்டா தாராவி. மேனுவல்ல பதினாலாம் பக்கத்துல போட்டிருக்குல்லா."

"எந்த மேனுவல்?"

"நீங்க எழுதுனதுதான்."

பிரம்மநாயகம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது.

சிராஜ், கம்ப்யூட்டருக்கு எண்களைக் கொடுக்கும் அவருடைய துளை அட்டைக் கட்டைக் கையில் எடுத்தான். "தொண்ணூத்தாறு கார்டுதான? சாயங்காலத்துக்குள்ள மாத்தி அடிச்சிருதேன். கேட்டா ரெண்டு பேரு தப்புன்னு சொல்லிக்கிடுவோம். உங்க பேரு மட்டும் எதுக்கு?"

சுவர்க் கடிகாரத்தில் மூன்றுக்குப் பத்து நிமிஷம் இருந்தது. அதுவும் வலப்பக்கமாகத்தான் சுற்றிக்கொண்டிருந்தது.

வாசல்வரை போன சிராஜ் திரும்பினான். மனசு நன்றாக இருந்தால் அவன் சார் என்று சொல்வதில்லை.

"பொறவு அண்ணாச்சி, என் ஃபாரத்துல நல்லதா நாலு வார்த்த எழுதிட்டீயளா?"