பீக்மன் ஏன் வரவில்லை

ஆரின் ட்வெட் என்பவரின் இறுதிச்சடங்குக்கு ஆறு பேர் வந்திருந்தார்கள். போதகரையும் ஆர்கன் வாசித்த பெண்மணியையும் சேர்த்தே ஆறு. கடைசி வரிசையில் அமர்ந்திருந்த வெர்னா க்ரோக் இரண்டு முறை எண்ணிப் பார்த்தார். வந்தவர்களைவிட வராதவர்களே அவர் மனத்தை அதிகம் அரித்தார்கள். பீக்மனைக் காணோம். ஆல்டீன் சகோதரிகள் இருவரையும் காணோம். மருத்துவமனைத் தாதி ரோஸ்லினையும் காணோம்.

இவர்களில் ஒருவரையும் வெர்னா நேரில் கண்டதில்லை. கண்டால் தெரிந்துகொள்ளலாம் என்று மட்டும் நம்பியிருந்தார். பீக்மன் முழங்கால் அறுவைக்குப் பின் கைத்தடி ஊன்றி வருவார். ஆல்டீன் சகோதரிகள் நெருங்கி உட்கார்ந்து தாழ்ந்த குரலில் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள். இத்தனையும் அவருக்கு வானொலியில் ஆரின் சொல்லித் தெரிந்தவை.

குன்றின் மேலிருக்கும் எங்கள் ஊர்க் கல்லூரிக்குச் சொந்தமாக ஒரு வானொலி நிலையம் உண்டு. மாணவர்கள்தாம் நடத்துகிறார்கள். ஞாயிறு காலை ஆறு மணிக்கு எழுந்து வர எந்த மாணவனும் ஒப்பாததால், அந்த மூன்று மணி நேரத்தை இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு முன் கல்லூரியின் கொதிகலன் அறையில் வேலை பார்த்த ஆரினிடம் கொடுத்துவிட்டார்கள். அவர் வால்ட்ஸ், போல்கா என்ற பழைய நடன இசைகளையும், வேறு எந்த நிலையமும் தொடாத இசைத்தட்டுகளையும் ஒலிபரப்பினார். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால், அதைப் போடச் சொல்லித் தொலைபேசியில் கேட்டவர் யார் என்று சொல்வார். பாலத்தடி வீட்டுப் பீக்மனுக்கு எப்போதும் வால்ட்ஸ்தான். ஆல்டீன் சகோதரிகளில் மூத்தவளுக்கு அக்கார்டியன் வாத்தியம் வேண்டும். இளையவளுக்கு அதைக் கேட்டாலே தலைவலி. இரவுப் பணி முடித்து வரும் ரோஸ்லின், தூங்கும் முன் ஒரே ஒரு பாட்டுக் கேட்பாள்.

பதினேழு ஆண்டுகளுக்கு முன் கணவர் லீராயை அடக்கம் செய்த மறு ஞாயிறு, சமையலறையின் அமைதி தாங்காமல் வெர்னா வானொலியின் குமிழைத் திருப்பினார். கிடைத்த முதல் குரல் ஆரினுடையது. அன்றுமுதல் தேவாலய வழிபாட்டுக்குப் பிந்திய காப்பி வேளைக்குக் கேக் செய்வதும் ஆரினைக் கேட்பதும் ஒரே வேலையாகிவிட்டன. பீக்மனுக்கு முழங்காலில் அறுவை நடந்த வாரம், வெர்னா அவருக்காகப் பிரார்த்தனை செய்தார். சோளம் பதப்படுத்தும் ஆலையில் தம்மோடு வேலை செய்தவர்களுக்குக்கூட அவர் அவ்வளவு மனம் உருகி வேண்டிக்கொண்டதில்லை.

ஒருமுறைகூட அவர் நிலையத்துக்குத் தொலைபேசியில் பேசியதில்லை. எங்கள் ஊரில் பிறருக்குத் தொந்தரவு கொடுப்பதைப்போல வெட்கக்கேடு வேறில்லை. பனியில் சறுக்கிக் காலை ஒடித்துக்கொண்டவர்கூட, உதவிக்கு வந்தவரிடம் முதலில் மன்னிப்புத்தான் கேட்பார். இத்தனை பேர் கூப்பிடும்போது நானும் எதற்கு என்று வெர்னா இருந்துவிட்டார். நான்கு ஆண்டுகளுக்கு முன் மளிகைக் கடையில், ஊறவைத்த மீன் ஒரு புட்டி கேட்ட மனிதரின் குரலை அடையாளம் கண்டு, அவர் முதுகுக்குப் பின்னாலேயே சிறிது நேரம் நின்றார். ஆரின் மீனை வாங்கிக்கொண்டு போய்விட்டார். வெர்னா தமக்குத் தேவையில்லாத மீன் புட்டி ஒன்றை வாங்கிக்கொண்டு வீடு திரும்பினார்.

இறுதிச்சடங்கு முடிந்த மூன்றாம் நாள் அவர் குன்றேறினார். பீக்மனுக்கும் மற்றவர்களுக்கும் யாரும் செய்தி சொல்லவில்லை போலும் என்பது அவர் எண்ணம். முகவரி கிடைத்தால் தாமே எழுதிவிடலாம். பகிர்ந்துகொள்ள ஆளில்லாத துக்கம் அவருக்குப் பழக்கமானதுதான். லீராயின் துக்கத்தை அப்படித்தான் சுமந்தார். இதையும் அப்படிச் சுமக்க வேண்டியதில்லை, இதற்குப் பங்காளிகள் இருக்கிறார்கள் என்பதே அந்த வாரம் முழுவதும் அவரை நடமாட வைத்திருந்தது.

நிலையம் மாணவர் கட்டடத்தின் நிலவறையில் இருந்தது. அதன் பொறுப்பாளர் மாய் வாங் என்ற மூன்றாம் ஆண்டு மாணவி. நேயர்களின் முகவரி என்று எதுவும் தங்களிடம் இல்லை என்றாள். ஆனால் அலமாரியின் அடித்தட்டிலிருந்து நான்கு அட்டைப்பெட்டிகளை இழுத்துப் போட்டாள். எல்லாம் கேசட்டுகள். ஒவ்வொன்றின் முதுகிலும் ஆரினின் கையெழுத்தில் தேதி.

"மைக்கைத் திறந்தா மட்டும் ஓடற ரெக்கார்டர் ஒண்ணு இங்க இருக்குங்க. நாங்க எப்படி உளர்றோம்னு நாங்களே கேட்டுத் திருத்திக்கறதுக்காக வெச்சது. பாட்டு பதிவாகாது, பேச்சு மட்டும்தான். நாங்க யாரும் கேக்கறதில்ல. அவர் மட்டும் போன மூணு வருஷமா ஒரு வாரம் விடாம எடுத்து வெச்சிருக்கார்" என்றாள் மாய்.

ஏப்ரலில் ஒரு ஞாயிறு, ஆரினின் பழைய நேரத்திலேயே ஒரு மணி நேர நினைவு நிகழ்ச்சி நடத்த மாணவர்கள் எண்ணியிருந்தார்கள். அதற்குப் பழைய நேயர்கள் வந்து பேசினால் நன்றாக இருக்கும் என்று மாய் சொன்னாள். அவர்களைக் கண்டுபிடிக்கும் வேலையை வெர்னா அங்கேயே ஏற்றுக்கொண்டார். ஒரு பெட்டியைத் தாமே தூக்கினார்; மற்ற மூன்றை மாய் வெர்னாவின் காரில் ஏற்றினாள்.

மூன்று வாரம் வெர்னா சமையலறை மேசையில் உட்கார்ந்து கேட்டார். பாட்டில்லாத ஆரினைக் கேட்பது விநோதமாக இருந்தது. வால்ட்ஸ் வருகிறது என்பார். அடுத்த நொடியே, அருமையான வால்ட்ஸ் இல்லையா என்பார். ஒரு ஞாயிற்றின் மூன்று மணி நேரம் இருபது நிமிடங்களில் முடிந்துபோயிற்று. பாட்டு இருந்த காலத்தில் கவனியாத ஒன்றும் இப்போது காதில் பட்டது. நிலையத்தின் தொலைபேசி எண்ணைச் சொன்னபின் ஆரின் சற்று நேரம் பேசாமல் இருப்பார். மைக் திறந்திருப்பதால் கருவி அந்த மௌனத்தையும் பதிந்து வைத்திருந்தது. காப்பி குடிக்கிறார் என்று இத்தனை ஆண்டு நினைத்திருந்த வெர்னா, இப்போது கடிகாரத்தைப் பார்த்தார். பதினொரு விநாடி. அடுத்த கேசட்டிலும் பதினொன்று.

கேட்கக் கேட்க எழுதிய நேயர் பட்டியலில் ஒன்பது பெயர்கள் சேர்ந்தன. தொலைபேசிப் புத்தகத்தில் ஒன்றுகூட இல்லை. கடைசியில், இருபத்தாறு ஆண்டாக எங்கள் ஊரில் தபால் கொடுக்கும் டுவெய்னை வாசலில் நிறுத்திக் கேட்டார். அவர் பட்டியலை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படித்தார்.

"பாலத்தடி வீடா? வெர்னா, பாலத்துக்கு அடியில ஆறுதான் இருக்கு. மீனுக்கா லெட்டர் போடப் போறீங்க?"

"நல்லாப் பாரு டுவெய்ன். கைத்தடி வெச்சிருப்பார்."

"இந்த ஊர்ல யார் யாருக்கு முட்டி மாத்தினாங்கன்னு எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரி பில்லைக் கொண்டு கொடுக்கறவனே நான்தானே. பீக்மன்னு ஒருத்தர் இங்க இருந்ததே இல்ல. இந்த ஒன்பது பேர்ல ஒருத்தருக்குக்கூட நான் தபால் கொடுத்ததில்ல."

வெர்னா மறுநாளே மீண்டும் குன்றேறினார். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒரு தாள் நிரப்ப வேண்டும் என்பது அங்குள்ள விதி. நிலையத்தின் பெயரை எத்தனை மணிக்குச் சொன்னார்கள், எந்தத் தட்டைப் போட்டார்கள், எத்தனை பேர் கூப்பிட்டார்கள் என்று அதில் எழுத வேண்டும். மாய் பழைய கோப்புகளை எடுத்து வைத்தாள். இருவரும் ஆரினின் தாள்களைப் புரட்டினார்கள். கூப்பிட்டவர்கள் என்ற கட்டத்தில் ஞாயிறுதோறும் சைபர். மிக அரிதாக ஒரு ஒன்று; அதன் அருகே சிறிய எழுத்தில், 'தவறான எண், பீட்சா கேட்டார்' என்ற குறிப்பு. காற்றில் அத்தனை பேரைக் குடிவைத்த மனிதர், தாளில் ஒருவரைக்கூடக் கூட்டி எழுதவில்லை.

மாய் கடைசித் தாளையும் கோப்பில் செருகினாள். பிறகு, "அப்போ இருபத்தெட்டு வருஷமா யாருமே கேக்கலையா?" என்றாள்.

"நான் கேட்டேன்" என்றார் வெர்னா.

வீடு திரும்பிய அன்று அவர் வானொலியையும் கேசட் கருவியையும் தொடவில்லை. லீராய் இறந்தபோது வெறுமையாகியிருந்தது ஒரு நாற்காலி. இப்போது ஒன்பது நாற்காலிகள் ஒரே நாளில் வெறுமையாயின. பீக்மனின் முழங்காலுக்காகத் தாம் செய்த பிரார்த்தனை எங்கே போய்ச் சேர்ந்திருக்கும் என்று யோசித்தார். ஏமாற்றிவிட்டாரே என்று கோபப்பட முயன்றார், கோபம் வரவில்லை.

கேட்காத கேசட் இன்னும் ஒன்று பெட்டியில் இருந்தது. போன நவம்பர் மாதத்தியது. அதை ஒலிபரப்பான அன்றே அவர் கேட்டிருக்கிறார். மாவு பிசைந்துகொண்டிருந்ததால், ஏதோ பறவைக் கதை என்ற அளவில் நினைவிருந்தது. இரண்டு நாள் கழித்து அதைக் கருவியில் போட்டார்.

ஆரினின் குரல் சளி கட்டிக் கரகரத்தது. "இன்னைக்குப் பீக்மனுக்குப் பதிலா ஒரு கதை. வடக்கே ஒரு ஏரியில லூன் பறவை ஒண்ணு தனியா இருந்தது. தனியா இருக்கோம்னு வெளிய தெரிஞ்சா வெக்கமா இருக்குமேன்னு, ரெண்டு குரல்ல கூவிப் பழகிச்சு. அப்புறம் நாலு குரல். கேக்க நல்லாத்தான் இருந்தது. மேல பறந்து போன பறவையெல்லாம், ஏரி நிரம்பிக் கிடக்கு, நம்ம போய் இடைஞ்சல் பண்ண வேண்டாம்னு நெனச்சு அப்படியே தெக்க போயிடுச்சு." ஒரு செருமல். "இதுக்கு முடிவு என்னன்னு எனக்குத் தெரியலை. தெரிஞ்சவங்க கூப்பிடுங்க." எண்ணைச் சொன்னார். பிறகு மௌனம்.

வெர்னா அந்தப் பதினொரு விநாடியையும் தலை குனிந்து கேட்டார். நவம்பரில் அந்த விநாடிகளின்போது இதே சமையலறையில், தொலைபேசிக்கு நான்கடி தூரத்தில் நின்றிருந்தார். கை நிறைய மாவு.

நினைவு நிகழ்ச்சியில் வந்து பேசும்படி மாய் அழைத்தபோது வெர்னா மறுத்துவிட்டார். ஒரே ஒரு வேண்டுகோள் வைத்தார்: அந்தக் கேசட்டை வெட்டாமல் போட வேண்டும், மௌனத்தோடு.

"பதினொரு செகண்ட் ஒண்ணுமே இல்லாமலா? எங்க புரொபசர் என்னை உண்டு இல்லைன்னு ஆக்கிடுவார்."

"நான் கேட்டேன்னு சொல்லு. தொந்தரவுக்கு மன்னிக்கணும்னும் சொல்லு."

ஏப்ரல் ஞாயிறு எட்டு மணிக்கு வெர்னா மாவைத் தொடவில்லை. கைகளைத் துடைத்துக்கொண்டு தொலைபேசிக்கு அருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மாய் ஆரினைப் பற்றி இரண்டு வார்த்தை சொன்னாள். இரண்டு வால்ட்ஸ்கள், ஒரு போல்கா. அதன்பின் கதை வந்தது. ஆரின் எண்ணைச் சொல்லி முடித்தார், மௌனம் தொடங்கியது. வெர்னா எண்களை அழுத்தினார். ஒருமுறை தவறி, மீண்டும் அழுத்தினார்.

எதிர்முனையில் மணி ஒலிக்கவில்லை. விட்டு விட்டு ஒரு ஒலி வந்தது. அதன் பொருள் விளங்க அவருக்குச் சிறிது நேரம் பிடித்தது. வேறு யாரோ பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

ரிசீவரை வைக்க மனம் வராமல் அந்த ஒலியையே கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு வைத்துவிட்டு மீண்டும் அழைத்தார். அப்போதும் அதே ஒலி. மூன்றாம் முறை மாய் எடுத்தாள்.

"வெர்னா, ஒருத்தர் கூப்பிட்டார். வயசானவர் குரல். பீக்மனோட முழங்கால் இப்ப எப்படி இருக்குன்னு கேட்டார்."

"நீ என்ன சொன்ன?"

"விசாரிச்சுச் சொல்றேன்னு சொன்னேன். எனக்கு வேற என்ன சொல்றதுன்னு தெரியலை. லைன் எப்பவும் பிஸியா இருக்கும்னு இத்தனை நாள் கூப்பிடலையாம். பேரைக் கேட்டேன். பரவாயில்லம்மா, மத்தவங்க காத்திருப்பாங்கன்னு சொல்லி வெச்சுட்டார்."

"எந்தத் தெருன்னாவது?"

"சொல்லலைங்க."

சமையலறை ஜன்னலுக்கு வெளியே சீடர் தெரு வெறிச்சோடிக் கிடந்தது. எதிர் வரிசையில் பன்னிரண்டு வீடுகள். அவற்றுக்குப் பின்னால் வேறு தெருக்கள். அவற்றில் ஏதோ ஒன்றில், ஏதோ ஒரு சமையலறையில் ஒருவர் இப்போதுதான் ரிசீவரை வைத்திருக்கிறார்.

"மாய், அந்தக் கூப்பிட்டவங்க கட்டத்துல எழுதிட்டியா?"

"இன்னும் இல்ல."

"ரெண்டுன்னு எழுது. அப்புறம் எனக்கு ஒரு வால்ட்ஸ் வேணும்."

"யார் கேட்டாங்கன்னு சொல்லட்டும்?"

"சீடர் தெரு வெர்னா க்ரோக். வீட்டு நம்பரையும் சொல்லு. நூத்திப் பதினாலு. பீக்மனோட முட்டி நல்லாயிருக்கான்னு கேட்டவர் தாராளமா வந்து விசாரிக்கலாம், ஞாயித்துக்கிழமை கேக் இருக்கும்னு சொல்லு."

மாய் அப்படியே சொன்னாள், ஒரு சொல் விடாமல். அதன்பின் நிலையத்தின் எண்ணைச் சொன்னாள். சொல்லிவிட்டு, மைக்கை மூடவில்லை. வெர்னா கைகளை மடியில் வைத்துக்கொண்டு எண்ணத் தொடங்கினார். பதினொன்று வரும்வரை வானொலியில் எதுவும் கேட்கவில்லை. பிறகு வால்ட்ஸ் ஆரம்பித்தது.