நாலு பக்கமும் பச்சை

நெதர்லாந்தின் குரோனிங்கனில் எங்கள் தெருமுனைச் சந்திப்பில் கார்களுக்கெல்லாம் ஒன்றாகச் சிவப்பு விழும். சைக்கிள்களுக்கு நாலு பக்கமும் ஒன்றாகப் பச்சை. நேராக, குறுக்காக, மூலைக்கு மூலை என்று நூறு பேர் ஒரே நேரத்தில் புகுந்து உரசாமல் வெளியே வருவார்கள். பெடலோடு பிறந்த ஜனங்கள். நான் இத்தாலியின் ஜெனோவாக்காரி. எங்கள் ஊரே மேடு. அங்கே சைக்கிள் ஓட்ட ஆடாய்ப் பிறந்திருக்க வேண்டும். கல்யாணமாகி இங்கே வந்து முப்பத்திரண்டு வயதில்தான் கற்றுக்கொண்டேன்.

முதல் வாரமே அந்தச் சந்திப்பின் நடுவில் பயந்துபோய் நின்றுவிட்டேன். அங்கே நிற்பதுதான் பெரிய குற்றம். பின்னால் வந்த நாலு பேர் சரிந்தார்கள். அதில் ஒருத்தி என் நாத்தனார் ஹிஸ்கே. ஒன்பது வருஷமாகியும் ஒவ்வொரு பிறந்தநாள் விருந்திலும் அதைச் சொல்லிச் சிரிப்பாள்.

அவள்தான் என் மகள் மாரித்துக்கு வகுப்பு டீச்சர். பிள்ளைகளைச் சைக்கிளில் நீச்சல் குளத்துக்குக் கூட்டிப்போக ஒரு பெற்றோர் துணை வேண்டும் என்றதும் நான் பெயர் கொடுத்தேன். மகள் கண்முன்னே ஒரு தடவையாவது அந்தச் சந்திப்பை ஒழுங்காகக் கடந்து காட்ட வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

"அண்ணி, நீங்க கடைசில வாங்க. பிள்ளைங்க உங்களைப் பாத்துக்குவாங்க," என்றாள் ஹிஸ்கே.

மாரித் கிட்டே வந்தாள். "நடுவுல மட்டும் நின்னுடாதம்மா."

மெதுவாகத்தான் சொன்னாள், ஆனால் இருபது பிள்ளைகளும் சிரித்தார்கள். எனக்கு முகம் சுட்டது.

சந்திப்பில் பச்சை விழுந்தது. பச்சை விழுந்துவிட்டால் இந்த ஊர்க்காரர்களுக்குக் கார் என்று ஒன்று உலகத்திலேயே கிடையாது. எதிரே வரும் சைக்கிளை மட்டும்தான் பார்ப்பார்கள். எனக்கு அந்த நம்பிக்கை இன்றுவரை வரவில்லை. வழக்கம்போல இடது பக்கம் திரும்பிப் பார்த்தேன். ஒரு வெள்ளை வேன் வந்துகொண்டிருந்தது. வேகம் குறையவே இல்லை. ஓட்டுபவனின் தலை மடியைப் பார்த்துக் கவிழ்ந்திருந்தது.

"நில்லுங்க! எல்லாரும் நில்லுங்க!"

மீன் சந்தையில் வளர்ந்த குரல் என்னுடையது. இருபது பிள்ளைகளும் காலைத் தரையில் ஊன்றினார்கள். எதிர்ப்பக்கம் கிளம்பியவர்கள்கூட பிரேக் பிடித்தார்கள். ஹிஸ்கேயின் முன்சக்கரம் ஏற்கெனவே சாலைக்குள் இருந்தது; அதற்கு ஒரு முழம் முன்னால் வேன் சீறிக்கொண்டு போயிற்று.

எனக்குப் பின்னால் மணியடித்துக்கொண்டே ஒருவர், "பச்சைதானே, ஏன் நிக்க..." என்று ஆரம்பித்துப் பாதியில் வாயை மூடிக்கொண்டார்.

ஹிஸ்கே சைக்கிளைப் பின்னுக்கு இழுத்தாள். பிள்ளைகளை எண்ணினாள். திரும்பவும் எண்ணினாள். குளத்தங்கரையில் காப்பி குடித்தபோதுகூட இன்னொரு தடவை எண்ணினாள். மாரித் தன் தோழியிடம், "அது எங்கம்மா," என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. திமிர் என்று யாராவது நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும்.

திரும்பி வரும்போது அதே சந்திப்பு. பச்சை விழுந்ததும் ஊரே பாய்ந்தது. ஹிஸ்கே பாயவில்லை. காலை ஊன்றி நின்று, வரிசையின் கடைசியில் இருந்த என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அண்ணி, போலாமா?"

இடது பக்கம் பார்த்தேன். வலது பக்கம் பார்த்தேன். அவசரப்படவே இல்லை.

"ம், போலாம்," என்றேன்.