அவர் வராத நாள்

ஈரத் துணியைப் பிழிந்து மனைவியின் வாயில் சொட்டுச் சொட்டாக விட்டான் நடராசன். உள்ளே போன தண்ணீர் அடுத்த நிமிஷமே வெளியே வந்தது. வெள்ளையம்மாளின் கண்கள் குழிக்குள் போய்விட்டன. விரல் நுனிகள் சுருங்கிக் கிடந்தன. யுத்தம் நடந்துகொண்டிருந்த அந்த வருஷம் முண்டியம்பாக்கத்தில் வாந்திபேதி அவர்கள் தெருவுக்குத்தான் முதலில் வந்தது.

"அவரு வந்தாரா?" என்றாள்.

யாரைக் கேட்கிறாள் என்று அவனுக்குத் தெரியும். இரண்டாவது பிள்ளையையும் புதைத்துவிட்டு வந்த பிறகு நடராசன் திருவாமாத்தூர்க் கோயில் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. அவளும் கோயிலை விட்டாள். ஆனால் கடலைக் கொல்லையில் மல்லாட்டை பிடுங்கும்போது, பக்கத்தில் ஆள் இருப்பதுபோலப் பேசிக்கொண்டே பிடுங்குவாள். தண்ணீர் சேந்தும்போதும் அப்படித்தான். பேர் கிடையாது, உருவம் கிடையாது, வெறும் "அவரு".

"நம்ம புள்ளைங்க சாவும்போது எங்க போயிருந்தாரு உன் சாமி?" என்று ஒருமுறை கத்தினான்.

"கூடத்தான் இருந்தாரு. அவராலயும் ஒண்ணும் பண்ண முடியல" என்றாள்.

இப்போது அவள் கை பாயைத் தாண்டித் தரையைத் தடவியது.

"காலயிலேர்ந்து தேடறேன். காணமே. எங்கய்யா போனாரு?"

இவ்வளவு பயந்து அவளை அவன் பார்த்ததே இல்லை.

"வந்துட்டாரு புள்ள" என்றான். "உன் தலமாட்டுலதான் குந்திக்கினு இருக்காரு."

"மெய்யாலுமா?" அவள் மூச்சு கொஞ்சம் நிதானப்பட்டது. "இன்னா சொல்றாரு?"

சாமி என்ன சொல்லும்? சாகக் கிடப்பவர்களிடம் எல்லோரும் சொல்வதையே சொன்னான்.

"பயப்படாத, ஒண்ணும் ஆவாதுன்னு சொல்றாரு."

வெள்ளையம்மாள் அவனையே வெகுநேரம் பார்த்தாள்.

"அவரு பேச மாட்டாருய்யா" என்றாள் மெதுவாக. "ஒரு நாளும் பேசுனதில்ல."

பிறகு அவன் மணிக்கட்டைத் தேடிப் பிடித்துக்கொண்டு, "போவட்டும். நீ எழுந்து போயிடாத" என்றாள்.

வெயில் இறங்கும்போது அந்தப் பிடி தளர்ந்தது.

வாந்திபேதிப் பிணம் என்று தூக்க மூன்று பேர்தான் வந்தார்கள். நாலாவது தோளை நடராசனே கொடுத்தான். இருட்டுவதற்குள் புதைத்தாயிற்று.

திரும்பி வந்தபோது எதிர்வீட்டு அம்சா, கிட்டே வரப் பயந்து, வாசலுக்கு வெளியிலேயே கூழ்ச் சட்டியை வைத்துவிட்டு நின்றாள்.

"அண்ணி சாமிகிட்டதாண்ணா போயிருக்கும்" என்றாள்.

நடராசன் சட்டியை எடுத்துக்கொண்டான். சுவரோரம் குந்தி ஒரு வாய் குடித்தான். கூழ் சப்பென்று இருந்தது.

"உப்பு இருக்கா?" என்று அவளைக் கேட்டான்.