கழுவக் கூடாத கல்

குவாரிச் சுவரில் கிடைத்த ஐந்து கற்களையும் பளபளவென்று கழுவி மியூசியத்துக்கு எடுத்துப் போனதுதான் நான் செய்த முட்டாள்தனம். சரளைக் குவாரியில் பன்னிரண்டு வருடமாகக் கல் கழுவும் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்கிறேன். அழுக்கோடு ஒரு கல்லை வெளியே அனுப்பினால் எனக்குச் சோறு இறங்காது.

மியூசியத்து அம்மா அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரல் தடிமன், ஆங்காங்கே கிளை.

"கல்லாப் போன வேரா இருக்கலாம். புழு போன பொந்துல இரும்புக்கறை படிஞ்சாலும் இப்படித்தான் இருக்கும். சுத்தியிருந்த மண்ணு எங்கே? எது மேல் பக்கம்?"

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"சுவர்ல இன்னும் இருக்கும்ல? அப்படியே இருக்கறப்போ நான் பார்க்கணும். நாளைக்குக் காலையில வரேன்."

அந்தச் சுவரை மறுநாள் வெட்டப்போவது பொக்லைன் ஓட்டும் என் வீட்டுக்காரர்.

"கல்லுக்கு வேர் விட்டிருக்காம்" என்று சாப்பிடும்போது சிரித்தார். நான் நேரே மேஸ்திரியிடம் போய் நின்றேன்.

"நாளைக்குப் பத்து மணி வரைக்கும்தான் பொறுப்பேன். அந்தம்மா வேர்னு சொன்னா அந்த மூலையை விட்டுடறேன். இல்லேன்னா இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது" என்றார்.

விடிந்ததும் ஏணி போட்டு ஏறி, பெயிண்ட் பிரஷால் மணலைத் தள்ளினேன். ஒன்பதரைக்கு ஒன்று தெரிந்தது. மேலே கட்டைவிரல் தடிமன். இறங்க இறங்க மெலிந்து, கடைசியில் நூலாக மூன்று கிளை. சுற்றிலும் சாம்பல் நிற மண்.

பத்தாயிற்று. மியூசியத்து அம்மாவைக் காணோம். வீட்டுக்காரர் பொக்லைனில் ஏறி ஸ்டார்ட் செய்தார்.

"இறங்கு" என்றார் மேஸ்திரி.

"மாட்டேன்."

"இன்ஜின் சூடாகட்டும் மேஸ்திரி. குளிர்ல இழுத்தா படுத்துக்கும்" என்று பொக்லைனிலிருந்து வீட்டுக்காரர் குரல் வந்தது. அந்த மனிதர் தன் ஆயுளில் இரண்டு நிமிடத்துக்கு மேல் இன்ஜினைச் சூடாக்கியதில்லை. அன்று இருபது நிமிடம் ஆனது.

அம்மா மூச்சிரைக்க வந்து, நான் இறங்கியதும் ஏணியேறி லென்ஸ் வைத்துப் பார்த்தார். "வேர்தான். முளைச்ச இடத்துலேயே கல்லாயிருக்கு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. வீட்டுக்காரர் இன்ஜினை நிறுத்திவிட்டு வந்தார்.

"அப்போ மரம் எங்கேங்க?"

அம்மா சுவருக்கு மேலே வெறும் காற்றைக் காட்டினார். "அந்த உயரத்துல ஏதாவது மிஞ்சியிருந்திருக்கலாம்."

"போன மாசம் அந்த மேல்பகுதியை நான்தான் வெட்டி லாரியில ஏத்தினேன்" என்றார் அவர், மெதுவாக.

மேஸ்திரி கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, இந்த மூலை வேண்டாம். எதிர்ச்சுவருக்குப் போ."

வீட்டுக்காரர் ஏணியைத் தோளில் தூக்கிக்கொண்டார்.

"போறேன். முதல்ல அங்கேயும் இவ ஏறிப் பார்க்கட்டும்."