கஞ்சிக்கு உப்பு

இடது காலுறையை லொவைனா பாதிதான் ஏற்றியிருந்தாள். அதற்கு மேல் ஏறவில்லை. தங்கையின் பாதம் அதற்குள் மரக்கட்டையாகத் தொடங்கியிருந்தது.

"இரு, நான் குதிகாலைப் பிடிச்சுக்கிறேன். நீ இழு," என்றாள் பக்கத்து வீட்டு ஆர்ஃபா.

அந்த ஊரில் பிள்ளை பிறந்தாலும் ஆள் போனாலும் முதலில் வந்து நிற்பவள் ஆர்ஃபா டங்க்லிதான். கையில் வேலை ஓடும், வாயில் பேச்சு ஓடும், இரண்டும் நிற்காது. காலை எட்டு மணிக்குத் தங்கை தர்ஸாவின் உயிர் போனபோதும் அவள் இந்த வீட்டு அடுப்படியில் சாம்பல் அள்ளிக்கொண்டிருந்தாள். இப்போது மணி பத்து. கூடத்துக் கடிகாரத்தை நிறுத்தியாயிற்று, கண்ணாடிமேல் துணி போட்டாயிற்று, வெளிக்கதவின் கைப்பிடியில் கறுப்புத் துணி கட்டியாயிற்று. ஜன்னலைத் திறந்து வைத்ததில் நியூ ஹாம்ஷயரின் பிப்ரவரிக் குளிர் முழுக்க அந்த அறைக்குள் வந்து உட்கார்ந்திருந்தது.

லொவைனாவுக்கு அழுகை வரவில்லை. பதினொரு வாரமாக அவள் ஒழுங்காகத் தூங்கியதில்லை. ஐம்பத்தெட்டு வயதில் ஆளைத் தூக்கி உட்கார வைத்து, எச்சில் கிண்ணம் பிடித்து, படுக்கை மாற்றி, இடுப்பு விட்டுப் போயிருந்தது. எங்கேயாவது உட்கார்ந்தால் போதும் என்றுதான் இருந்தது. தங்கை செத்த அன்றைக்கு இப்படியா நினைப்பு ஓடும் என்று தன்மேல் ஒரு வெறுப்பு வந்தது. அந்த வெறுப்பையும் நெடுநேரம் வைத்துக்கொள்ளத் தெம்பில்லை.

ஆர்ஃபா வலது கையை எடுத்து நடுவிரலில் சோப்பைப் போட்டுத் தேய்த்தாள். மை, இருபது வருஷம் எழுதி எழுதி ஏறிய மை.

"விடு ஆர்ஃபா. அது போகாது."

"மைக்கறையோடவா ஆண்டவர் முன்னாடி போய் நிப்பா?"

"அவருக்கு அவளைத் தெரியும். விடு."

ஆர்ஃபா விட்டாள். கையைத் துடைத்து மார்பின் மேல் மடித்து வைத்தாள். பிறகு, அதுவரை அடக்கி வைத்திருந்ததைக் கேட்டாள்.

"கடைசியா என்ன சொன்னா?"

லொவைனா காலுறையின் சுருக்கத்தை நீவிவிட்டாள்.

"உள்ள பேச்சுக்குரல் கேட்டுச்சு," என்றாள் ஆர்ஃபா. "அம்மான்னு ஏதோ காதுல விழுந்துச்சு."

"அந்தத் துண்டை எடு. தலைமுடி ஈரமா இருக்கு."

ஆர்ஃபா கேட்டதில் தப்பொன்றும் இல்லை. அங்கே அதுதான் வழக்கம். ஒருவர் சாகும்போது பக்கத்தில் இருந்தவர், அவர் கடைசியாகச் சொன்னதை எழுத வேண்டும். நாலு பிரதி எடுத்துச் சொந்தக்காரர்களுக்கு அனுப்புவார்கள். ஞாயிற்றுக்கிழமை பாதிரியார் அதைச் சபையில் படிப்பார். நன்றாக அமைந்துவிட்டால் சபைப் பத்திரிகையிலும் வரும். போனவர் நல்லபடியாகப் போனார் என்பதற்கு அதுதான் அத்தாட்சி. அடக்கத்தைக்கூட, உறைந்த மண் இளகுகிற மே மாதம் வரைக்கும் தள்ளிப் போடலாம், பெட்டி அதுவரை கல்லறைத் தோட்டத்துக் கற்கிடங்கில் இருக்கும். கடைசி வார்த்தையைத் தள்ளிப் போட முடியாது.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அம்மா போனபோது எழுதியவள் லொவைனா. அக்காவும் தங்கையும் இரண்டு பேருமே கட்டிலருகில் இருந்தார்கள். அம்மா கண்ணைத் திறந்து, "நிலவறைக் கதவை யாரு திறந்து போட்டது? உருளைக்கிழங்கு உறைஞ்சு போகும்," என்றாள். அவ்வளவுதான், போய்விட்டாள். எழுபது வயது வரைக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலைத் தவறவிடாதவள். உருளைக்கிழங்கை எப்படி எழுதுவது? லொவைனா படித்து வளர்ந்த நாவல்களில் யாரும் அப்படிச் சாவதில்லை. அவற்றில் அநாதைப் பெண்கள் வெளிறிப்போய், கையில் லில்லிப் பூவோடு, ஒரு பக்கம் முழுக்கப் பேசிவிட்டுத்தான் கண்ணை மூடுவார்கள். அவள் ஒரு மணி நேரம் உட்கார்ந்து யோசித்து எழுதினாள்: "யாரோ வாசலில் விளக்கோடு நிற்கிறார்கள். எனக்குப் பாதை தெரிகிறது." சபையில் படித்தபோது பெண்கள் விசும்பினார்கள். பத்திரிகையிலும் வந்தது.

ஆறு மாதம் கழித்து பாஸ்டன் பத்திரிகை ஒன்றில் தர்ஸாவின் கதை வந்தது. பெயரை மாற்றியிருந்தாள், வேறெதையும் மாற்றவில்லை. நிலவறைக் கதவு இருந்தது, உருளைக்கிழங்கு இருந்தது, விளக்கை ஜோடித்து எழுதிய மூத்த மகளும் இருந்தாள். அந்தக் காலத்தில் பாஸ்டன்காரர்களுக்கு லில்லிப் பூ அலுத்துப் போய், உள்ளதை உள்ளபடி எழுதுகிறவர்களைத் தேட ஆரம்பித்திருந்தார்கள். எங்கோ ஓஹையோவிலிருந்தெல்லாம் கடிதம் வந்தது: எங்கள் அம்மாவும் இப்படித்தான், கோழிக்குத் தீனி வைத்தாயா என்று கேட்டுவிட்டுப் போனாள். பாஸ்டனில் தர்ஸாவுக்குப் பேர். ஊரில் லொவைனாவுக்கு மானம் போயிற்று. தையல் கூட்டத்தில் ஒருத்தி, முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு, "லொவைனா, உங்க வீட்டு உருளைக்கிழங்கெல்லாம் பத்திரந்தானே?" என்று கேட்டாள். கேட்டவள் இதே ஆர்ஃபாதான். இரங்கல் கடிதம் எழுத அதற்குப் பிறகு யாரும் லொவைனாவைக் கூப்பிடவில்லை. அவள் எதைச் சொன்னாலும் இன்னொருத்தியிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொள்வார்கள்.

மூன்று வருஷம் அவள் தங்கையோடு பேசவில்லை. ஒரே வீடு, ஒரே அடுப்பு. மாவு தீர்ந்துவிட்டால் சிலேட்டில் எழுதி வைப்பாள். தர்ஸா அதன் கீழே எழுத்துப்பிழையைத் திருத்தி வைப்பாள். பின்னர் ஒருநாள் கூரை ஒழுகியது, கத்திக் கூப்பிட வேண்டியதாயிற்று, அப்படியே பேச்சும் வந்துவிட்டது. மன்னிப்பு என்று ஒன்றை இரண்டு பேரும் கேட்கவில்லை. தர்ஸா ஒரே ஒரு தடவை சொன்னாள்: "அம்மா கடைசி மூச்சு வரைக்கும் வீட்டைப் பார்த்துக்கிட்டா அக்கா. அதைவிடப் பெரிசா என்ன வேணும்? விளக்கெல்லாம் எதுக்கு?" லொவைனா தன் நாவலை எடுத்து விரித்துக்கொண்டாள். "உன் கதாநாயகி நூத்தி நாப்பதாவது பக்கம் வரைக்கும் ஒண்ணும் சாப்பிடலையே, உசிரோட இருக்காளா?" என்றாள் தங்கை. அன்றைக்கு இரண்டு பேருமே சிரித்தார்கள்.

நெஞ்சுநோய் முற்றிய பிறகு, இரண்டு வாரத்துக்கு முன்னால், தர்ஸா அக்காவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "இந்தத் தடவையும் நீதான் எழுதணும். நான் சொன்னதை அப்படியே எழுது. ஒரு வார்த்தை கூட்டாதே, குறைக்காதே. சத்தியம் பண்ணு." லொவைனா சத்தியம் செய்தாள். கஷ்டமில்லாத சத்தியம் என்றுதான் நினைத்தாள். தர்ஸா என்ன சொல்லிவிடப் போகிறாள்? தலையணை சரியில்லை என்பாள்.

இன்று விடிந்ததும் சோளமாவுக் கஞ்சி வைத்துக் கொடுத்தாள். இரண்டு கரண்டிக்கு மேல் இறங்கவில்லை.

"உப்பு போடலையா?"

"போட்டேன்டி."

"பொய் சொல்லாதே."

அதோடு கண்ணை மூடிக்கொண்டாள். எட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் திறந்தாள். குரல் தெளிவாக இருந்தது. "அம்மா வந்திருக்கா அக்கா. கதவுகிட்ட விளக்கோட நிக்கிறா. நீ எழுதினது சரிதான்."

லொவைனா திரும்பிக் கதவைப் பார்த்தாள். அங்கே கதவுதான் இருந்தது. மறுபடி திரும்பினபோது கவனித்தாள்: தர்ஸா கதவுப் பக்கமே பார்க்கவில்லை. அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கதையில் ஒரு வரியைப் படித்துக் காட்டிவிட்டு, அது போய்ச் சேர்ந்ததா என்று ஆளின் முகத்தைப் பார்ப்பாளே, அதே பார்வை. அப்புறம் மூச்சு இல்லை.

அதைத்தான் லொவைனா அவளைக் குளிப்பாட்டும்போதும், தாடையைக் கட்டும்போதும், காலுறை மாட்டும்போதும் மனசுக்குள் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிஜமாகவே பார்த்தாளா? அல்லது அக்காவுக்காகச் சொன்னாளா? வாழ்நாளில் ஒரு வார்த்தை ஜோடித்து எழுதாதவள், கடைசியில் ஒன்றே ஒன்றை ஜோடித்து அக்காவின் கையில் கொடுத்துவிட்டுப் போனாளா? கேட்கலாம் என்றால் ஆள் இல்லை.

மதியம் இரண்டு மணிக்குக் கேஜ் பாதிரியார் வந்தார். பூட்ஸ் பனியை வாசலில் தட்டிவிட்டு, தொப்பியைக் கழற்றி, கட்டிலருகே நின்று ஜெபித்தார். நல்ல மனுஷர். நோயாளிகளைப் பார்க்க எந்தப் பனியிலும் வருவார். தர்ஸாவின் கதைகள் மட்டும் அவருக்குப் பிடிக்காது. மூக்கு ஒழுகுவதையும் கடன்காரன் கதவைத் தட்டுவதையும் எழுதி வைப்பதால் யாருக்கு என்ன ஆறுதல் என்று பிரசங்கத்திலேயே ஒரு தடவை கேட்டிருக்கிறார். தர்ஸா முதல் பெஞ்சில் உட்கார்ந்து தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள்.

அவர் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார்.

"நேரம் சரியில்லைதான் லொவைனாம்மா. ஆனா ஞாயித்துக்கிழமைக்கு வேணும். கடைசியா என்ன சொன்னாங்க?"

லொவைனா எதிரே முக்காலியில் உட்கார்ந்தாள். காலையிலிருந்து இப்போதுதான் உட்காருகிறாள். முழங்கால் வலித்தது.

"அம்மான்னு சொன்னாங்கன்னு வாசல்ல ஆர்ஃபா சொன்னாங்க," என்றார் அவர். ஆர்ஃபா அடுப்படி நிலையில் சாய்ந்து, பாத்திரம் துடைப்பதுபோல நின்றிருந்தாள். "தப்பா எடுத்துக்காதீங்க. உள்ளதை மட்டும்தான் எழுதுவேன்னு சொன்னவங்க அவங்க. அவங்களே கடைசியில ஒண்ணைப் பார்த்திருந்தாங்கன்னா, அதுக்கு மதிப்பே வேற. பத்திரிகையில போட்டா நாடு பூரா படிப்பாங்க. உங்களுக்கும் நல்லது. உங்கம்மா விஷயத்துல உங்களைப் பத்திப் பேசினாங்களே, அந்த வாயெல்லாம் அடைச்சுப் போகும்."

அவர் சொன்னது அத்தனையும் நிஜம். ஒரே ஒரு வாக்கியம் போதும். ஜோடிக்கவே வேண்டாம், கேட்டதை அப்படியே சொன்னால் போதும். ஒன்பது வருஷத்து உருளைக்கிழங்கு ஒரே நாளில் மறைந்துவிடும். தையல் கூட்டத்தில் நடுநாற்காலியைக் காலி பண்ணிக் கொடுப்பார்கள். வாய் வரைக்கும் வந்துவிட்டது. சத்தியமும் அந்தப் பக்கம்தான் இழுத்தது.

ஆனால் வரப்போகிற ஞாயிற்றுக்கிழமை அவள் கண்முன்னே தெரிந்தது. பாதிரியார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அதைப் படிப்பார். பார்த்தீர்களா, கடைசியில் அவளும் ஒப்புக்கொண்டாள் என்பார். நெஞ்சுநோயோடு போர்வையைப் போர்த்திக்கொண்டு தர்ஸா இருபது வருஷம் எழுதினதையெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தை வைத்தே அழித்துவிடுவார்கள். ஓஹையோவில் கோழித்தீனி அம்மாவின் மகள் அதைப் படித்துவிட்டு என்ன நினைப்பாள்? அதோடு, தர்ஸா அதை ஊருக்குச் சொல்லவில்லை. அக்காவின் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"கஞ்சியில உப்பு இல்லைன்னு சொன்னா," என்றாள் லொவைனா.

பாதிரியாரின் பேனா நின்றது. "கஞ்சியிலயா?"

"ஆமாங்கய்யா."

"அம்மான்னு சொன்னாளே," என்றாள் ஆர்ஃபா. "என் காதால கேட்டேன்."

"சொன்னா. அம்மா வைக்கிற கஞ்சியில உப்பு சரியா இருக்கும், உனக்கு இன்னும் அது கைவரலைன்னு சொன்னா."

வார்த்தை தடங்கலில்லாமல் வந்தது. லொவைனாவுக்கே ஆச்சரியமாக இருந்தது. முன்னே விளக்கை யோசித்தெடுக்க ஒரு மணி நேரம் ஆனது, அதையும் ஊரார் கண்டுபிடித்துவிட்டார்கள். பொய்க்குள் ஒரு கஞ்சிக் கிண்ணத்தை வைத்தால் ஒருத்தருக்கும் சந்தேகம் வராது போலிருக்கிறது. தங்கையோடு இத்தனை வருஷம் இருந்து கற்றது அதுதான்.

ஆர்ஃபாவின் முகம் ஒரு கணம் ஒன்றுமில்லாமல் இருந்தது. பிறகு சிரித்தாள். சிரித்துக்கொண்டே கையிலிருந்த பாத்திரத் துணியால் கண்ணைத் துடைத்தாள். "அவதான். சாகப் போற நேரத்துலயும் குறை. அவளேதான்."

"அதுக்கப்புறம்?" என்றார் பாதிரியார். கேட்பதற்கே அவருக்குக் களைப்பாக இருந்தது. "மேல பார்த்தாங்களா? கையைக் கூப்பினாங்களா? ஏதாவது?"

"தூங்கிட்டா."

அவர் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இதை எப்படிம்மா நான் சபையில படிக்கிறது?"

"படிக்க வேணாங்கய்யா. அவ நல்லா உழைச்சான்னு சொல்லுங்க. அது போதும்."

அவர் தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். வாசலில் தொப்பியைப் போட்டுக்கொள்ளும்போது திரும்பி, "ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லியிருக்கலாம், லொவைனாம்மா. யாரும் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டாங்க," என்றார். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் இவர்தான் சொல்லியிருந்தார், பொய் சொல்லியிருக்கக் கூடாது என்று. லொவைனா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவருடைய பனிவண்டி திருப்பம் தாண்டும் வரைக்கும் நின்றாள்.

ஆர்ஃபா பெட்டி செய்யும் ஆளைப் பார்த்துவிட்டு வருவதாகக் கிளம்பினாள். நாலு மணிக்குள் ஊர் முழுக்கக் கஞ்சி போய்விடும். லொவைனாவுக்கு இன்னமும் கஞ்சிக்கு உப்புப் போடத் தெரியாது என்று தையல் கூட்டத்தில் பேசிக்கொள்வார்கள். அவள் சாகும் வரைக்கும் பேசுவார்கள். பேசட்டும்.

வீடு அமைதியானது. அறைக்குள் போய் ஜன்னலைச் சாத்தினாள். சத்தியத்தை மீறிவிட்டேன்டி என்று சொல்ல வந்தாள், முடியவில்லை. அந்த மைக்கறை விரலைப் பார்த்ததும் தங்கை மேல் பாசம் தாங்க முடியாமல் வந்தது. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

தலைமாட்டு மேசையில் காலைக் கஞ்சி அப்படியே இருந்தது. மேலே ஆடை கட்டியிருந்தது, கரண்டி அதில் நட்டுக்கொண்டு நின்றது. கழுவிப் போடலாம் என்று எடுத்தாள். பிறகு ஆடையை ஒதுக்கி ஒரு கரண்டி வாயில் வைத்துப் பார்த்தாள்.

உப்பு சரியாகத்தான் இருந்தது. மீதியையும் அங்கேயே நின்று குடித்தாள்.