தாவீது போட்ட ஓ.டி.

சடையப்பனின் குறட்டையைப் பற்றிக் கும்மிடிப்பூண்டியில் இரண்டு அபிப்பிராயம் கிடையாது. அவர் படுத்தால் தெரு நாய்கள் எல்லாம் எல்லை தாண்டி ஆந்திராவில் குடியேறிவிடும் என்பார்கள். அதெல்லாம் சும்மா. எல்லைக்கு இந்தப் பக்கமே, ஆரம்பாக்கத்தோடு நின்றுவிட்டன.

குறட்டை மட்டும் என்றால் கன்னியம்மா பொறுத்திருப்பாள். முப்பத்தெட்டு வருஷம் பொறுத்தவள்தானே. நடுவில் புருஷனுக்கு மூச்சே நின்று நின்று வந்ததுதான் அவளைப் பயமுறுத்தியது. பகலிலும் தூங்கி வழிந்தார். போன தை மாதம் மொபெட் ஓட்டும்போதே கண் சொக்கி, ஒரு வைக்கோல் போருக்குள் வண்டியோடு புகுந்து, மறுபக்கம் வந்த பிறகுதான் விழித்தார். அன்றே மொபெட் சாவி கன்னியம்மாவின் முந்தானை முடிச்சுக்குள் போனது.

மீஞ்சூரில் டாக்டர் ஜோதிலட்சுமி பரிசோதித்துவிட்டு, தூக்கத்தில் மணிக்கு ஐம்பத்திரண்டு தடவை மூச்சு நிற்கிறது என்றார். மூக்கில் மாஸ்க் மாட்டிக் காற்றடிக்கும் மெஷின் ஒன்றைக் கொடுத்தார். "தினம் நாலு மணி நேரத்துக்குக் குறையக்கூடாது. உள்ளே இருக்கிற கார்டு எல்லாத்தையும் பதிஞ்சு வெச்சுக்கும். ஒரு மாசம் கழிச்சுக் கொண்டாங்க, பார்ப்போம்."

"கார்ட பாத்துட்டு அவங்க சரின்னு சொன்னாத்தான் சாவி" என்று கன்னியம்மா முடிச்சை இறுக்கினாள்.

அந்தச் சாவி இல்லாவிட்டால் சடையப்பனுக்குப் பாதி உயிர் இல்லை. சிப்காட்டில் அவர் முப்பத்தொரு வருஷம் கிரேன் ஓட்டிய உருக்காலை. கேட்டுக்கு எதிரே பூவம்மாள் டீக்கடை. இரண்டு மணிக்குச் சங்கு ஊதினால் ஏ ஷிப்ட் வெளியே வரும், பி ஷிப்ட் உள்ளே போகும். ரிட்டயராகி ஆறு வருஷமாகியும் அந்தச் சங்குக்கு அவர் அங்கே ஆஜர். ஆயில் கறைச் சட்டைகளின் வாசனையை இழுத்துக்கொண்டே, "எங்க காலத்துல கிரேன் மேல ஏறினா பழவேற்காடு தெரியும், பளிச்சுனு இருந்தா சிலோன்ல துணி காயறது தெரியும்" என்று புதுப் பையன்களிடம் அளப்பார். இப்போது சங்குச் சத்தம் மட்டும் வீடு தேடி வந்தது. டீ வரவில்லை.

மெஷினில் ஒரு சிக்கல். மாஸ்க்குக்கு அளவு பார்த்த அன்று, "கிரேன் ஓட்டின மூஞ்சிம்மா, இருக்கறதுலயே பெருசாக் குடு" என்று ஜம்பமாகக் கேட்டு வாங்கியிருந்தார். இடுக்கு வழியே காற்று கண்ணில் அடித்தது. இரண்டு மணி நேரத்தில் பிடுங்கிப் போட்டுவிடுவார். செக்கப்புக்கு நாலு நாள் இருக்கும்போது தாவீதுக்குப் போன் போட்டார். தாவீது அதே ஆலையில் உலை முன் நின்றவன், உயிர் சிநேகிதன்.

"மாமே, கார்டுல அவர்ஸ் கொறையுதுடா."

"இதுக்கா பேஜாராவுற? நான் வந்து ஓ.டி. போடுறேன்."

இது பழைய பழக்கம். ஒருவன் வராவிட்டால் இன்னொருவன் அவன் வருகைக் கார்டையும் பன்ச் பண்ணுவான். தன் பிள்ளை ஜெபா பிறந்த அன்று தாவீது ஆஸ்பத்திரியில் இருக்க, அவன் கார்டு மட்டும் வேலைக்கு வந்திருந்தது. "யார்டா அடிச்சது?" என்று டைம் கீப்பர் மோகன்ராஜ் குதித்தார். "அதுவா அடிச்சிக்கிச்சு சார்" என்றான் தாவீது. மூணு நாள் சஸ்பெண்ட். சடையப்பன் பேர் அவன் வாயிலிருந்து வரவில்லை.

கன்னியம்மா பொன்னேரியில் கல்யாணத்துக்குப் போன இரண்டு நாளும், தாவீது மதியச் சோற்றைத் தின்றுவிட்டு, மாஸ்க்கை மாட்டி, ஒரு மணியிலிருந்து ஆறு வரை மலை மாதிரி தூங்கினான். அவன் மூஞ்சிக்கு மாஸ்க் அளவெடுத்துத் தைத்தது போல் இருந்தது.

செக்கப் அன்று டாக்டர் கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ராத்திரியில ரெண்டு மணி நேரம்தான் போடுறீங்க. ஆனா போடுற வரைக்கும் மணிக்கு மூணு தடவைதான் மூச்சு நிக்குது. நல்ல மாற்றம். காத்து மட்டும் லீக் ஆகுது." திரையை அவர் பக்கம் திருப்பினார். "இந்த ரெண்டு மதியம் மட்டும் லீக்கே இல்லை. மெஷின் காத்தைக் கடைசி அளவு வரைக்கும் ஏத்தியும் மணிக்கு நாப்பது தடவை நின்னிருக்கு. இது உங்க மூச்சு இல்லைங்க. யார் தூங்கினது?"

கன்னியம்மா திரும்பிப் பார்த்தாள். 'அதுவா தூங்கிச்சு' என்ற பதில் சடையப்பனின் நாக்கு நுனிக்கே வந்துவிட்டது. அப்படிச் சொன்னால் சிநேகிதம் பிழைக்கும்.

"அந்த ஆளுக்கு இது தெரியுமா? எந்நேரமும் ஆபத்து" என்றார் டாக்டர்.

"தாவீது மேடம்" என்றார் சடையப்பன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவனைக் காட்டிக் கொடுத்தார்.

"அடப்பாவி மனுசா, மூச்சுக்குமா ஆள் வெப்ப!" என்றாள் கன்னியம்மா.

டாக்டருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். மாஸ்க்கை யாருக்கும் தரக்கூடாது என்று கண்டித்தார். நடுத்தர அளவில் வேறு மாஸ்க் மாட்டி, படுக்கவைத்து, லீக் பார்த்தார். இன்னும் ஒரு மாசம் வண்டி கூடாது. மறுநாளே தாவீது வரவேண்டும்.

வாசலுக்கு வந்ததும் சடையப்பன் போன் போட்டார். "உன் பேரைச் சொல்லிட்டேன்டா."

"மூணு நாள் சஸ்பெண்ட் ஆனப்பகூட நான் சொல்லலியேடா!"

"மணிக்கு நாப்பது வாட்டி மூச்சு நிக்குதாம்டா."

"யாருக்கு?"

"உனக்குத்தான், எருமை."

"நாளைக்கு எத்தினி மணிக்கு ட்ரெய்னு?" என்றான் தாவீது.

அடுத்த மாதம் இரண்டு பேரும், ஆளுக்கொரு மெஷின் பையோடு, டாக்டர் வாசலில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். சடையப்பனுக்குத் தினம் ஆறு மணி நேரம், பகல் தூக்கம் போய்விட்டது, வண்டி ஓட்டலாம். தாவீதுக்கு மெஷின் வந்து ஒரு வாரம்தான், இன்னும் கூடாது. கன்னியம்மா அங்கேயே முடிச்சை அவிழ்த்தாள். சாவியில் மஞ்சள் ஏறியிருந்தது.

மறுநாள் சிப்காட் ரோட்டில் மொபெட் பறந்தது. மணிக்கு நூறு என்று சடையப்பன் சொல்வார். ஒரு சைக்கிள் முந்திப் போனதை அவர் பார்க்கவில்லை.

"முழிச்சிக்கினுதானே கீற?" என்று பின்னாலிருந்து கத்தினான் தாவீது.

"நீ தூங்கி உழுந்துடாத. உனக்குத்தான் இப்ப லைசென்ஸ் இல்ல."

அவர்கள் டீக்கடைப் பக்கம் திரும்பும்போதே இரண்டு மணிச் சங்கு ஊதியது. பூவம்மாள் இரண்டு கிளாஸை எடுத்து வைத்தாள்.

"ரெண்டு பேரும் லேட்டு" என்றாள்.